வெற்றிலைச் செல்லமும் வாய்ப்புற்றும்: நெய்யூர் தொடங்கி ஒரு நூற்றாண்டு

குமரி மாவட்டத்தில் இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகே நெய்யூர் என்றொரு சிற்றூர் உண்டு. தென்னையும் வாழையும் சூழ்ந்த அவ்வூரைக் கடந்து செல்வோர், உலக மருத்துவ வரலாற்றில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள். 1838ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் இங்குத் தம் பணியைத் தொடங்கினார். அன்று இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. அம்மருத்துவமனையின் திண்ணையில் ஆண்டாண்டாக வந்து காத்திருந்த ஏழை மக்களின் கன்னங்களிலிருந்தே, வாய்ப்புற்றுநோயைப் பற்றிய அறிவின் முதல் ஏடுகள் சில எழுதப்பட்டன.

1908ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் நெய்யூரைப் பற்றிய இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் ஆர்தர் ஃபெல்ஸ். தென்னிந்தியாவில் வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 அறுவைகளை அவர் ஆராய்ந்திருந்தார். மற்றொன்றை எழுதியவர் பென்டால். திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பு அது. இந்த எண்களை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பெரிய மருத்துவமனை ஒன்றின் அறுவை மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் காணாத அளவு கன்னப் புற்றுகளை, மாட்டுவண்டியிலும் நடையிலும் வந்தடைய வேண்டிய ஒரு கிராமத்து மருத்துவமனை கண்டிருந்தது. அங்கே அரிதாயிருந்த நோய் இங்கே அன்றாடக் காட்சியாயிருந்தது. ஏன் என்னும் கேள்வி எழாமல் இருக்க முடியாது. அக்கேள்விக்கான விடையை அவர்கள் நோயாளியின் இடுப்பு மடியிலேயே கண்டார்கள். அதில் முடிந்திருந்தது வெற்றிலைப் பொதி.

வெற்றிலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில், கோவலன் மதுரை நகருக்குள் சிலம்பு விற்கச் செல்லுமுன் உண்ட கடைசி உணவுக்குப் பின், கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். நிச்சயத்துக்குத் தாம்பூலம் மாற்றுகிறோம்; வந்தவருக்குத் தட்டம் நீட்டுகிறோம்; பகையானவரோடு மீண்டும் பேசத் தொடங்கியதற்கு அடையாளமாக ஒரு வெற்றிலையைக் கை மாற்றுகிறோம். இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்தினுள் புகையிலை மட்டும் பிந்தி வந்த விருந்தாளி. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே அது நம் மண்ணில் வேர்கொண்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்கு வந்து குவிந்தது. அவ்வணிகத்தை அரசே தன் தனியுரிமையாக நெடுங்காலம் வைத்திருந்தது. திவான் மாதவராவ் காலத்தில்தான் அது நீக்கப்பட்டது. அரசின் கருவூலத்தை நிரப்பிய ஒரு பண்டமே குடிகளின் கன்னத்தை அரித்தது என்பது அன்று எவர் கணக்கிலும் ஏறவில்லை. இன்றும் வருவாய்க் கணக்கு எழுதுவோர் ஓர் ஏட்டிலும், மருத்துவச் செலவு எழுதுவோர் வேறோர் ஏட்டிலுமாகத்தான் எழுதுகிறார்கள்.

நெய்யூரின் பெயரை உலகறியச் செய்தவர் ஹோவர்டு சோமர்வெல். 1922இல் எவரெஸ்டு மலையேற்றக் குழுவில் ஒருவராக வந்தவர், மலையிலிருந்து திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கும் வந்தார். நோயாளர் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டு ஏறியபோது அவருக்கு நேர்ந்தது ஒன்றை இங்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடுங்குளிரில் அவருடைய தொண்டையின் உட்சதை உறைந்து கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. பேச முடியவில்லை, முன்னே இறங்கிக்கொண்டிருந்த தோழரை அழைக்கவும் முடியவில்லை. பனியில் அமர்ந்து சாவை எதிர்நோக்கியவர், இறுதி முயற்சியாகத் தம் நெஞ்சை இரு கைகளாலும் அழுத்த, அடைப்பு வெளியே வந்து விழுந்தது. உயிர் மீண்டது. வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் வளர்ந்த கட்டியால் விழுங்கவும் மூச்சு விடவும் திணறும் மனிதர்களிடையே அவர் பின்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அம்மனிதர்களின் அச்சம் அவருக்குப் புத்தகத்தில் படித்ததாக இருந்திராது.

அவரோடு பணியாற்றிய மருத்துவர் ஓர், 1933ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். நோயின் காரணம், அதன் தன்மை, அதற்குரிய சிகிச்சை ஆகிய மூன்றையும் அது பேசியது. வெற்றிலைப் பொதியில் எது குற்றவாளி என்று பிரித்தறிய முயன்ற தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று. ஓர் சுட்டிய விரல் புகையிலையை நோக்கியது.

இந்நோயின் ஆராய்ச்சிக்கு மற்ற நோய்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருந்தது. பழக்கம் எங்கே அமர்கிறதோ அங்கேயே நோயும் அமர்கிறது. தென்திருவிதாங்கூரில் பொதியைக் கன்னத்தில் ஒதுக்கினார்கள். புற்று கன்னத்தில் வந்தது. வட இந்தியாவில் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைத்தார்கள். அங்கே அந்த மடிப்பில் வந்தது. ஆந்திரக் கடற்கரையில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்தார்கள். அங்கே மேலண்ணத்தில் வந்தது. வாயோடு தொடர்பில்லாத ஒரு சான்றும் உண்டு. காஷ்மீரத்தில் குளிருக்காகத் தணல் நிறைந்த காங்கிரிச் சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வோருக்கு வயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்று வருவதை, எல்ம்ஸ்லி என்னும் மிஷன் மருத்துவர் 1866இலேயே எழுதிவைத்தார். உடலின் எவ்விடத்தை நாளும் உறுத்துகிறோமோ அவ்விடம் ஒருநாள் தன் ஒழுங்கை மறந்துவிடுகிறது என்பதை இந்நாட்டின் எளிய மனிதர்களின் உடல்களே எடுத்துரைத்தன.

கடல் கடந்து சென்ற தமிழரும் இதற்குச் சான்று பகர்ந்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் கூலிகளாகச் சென்றவர்கள் வெற்றிலைப் பையையும் உடன் கொண்டு சென்றனர். அட்டைக்கடியிலும் குளிரிலும் பசியிலும் வேலை செய்த உடலுக்கு அது ஒன்றே மலிவான துணை. 1960ஆம் ஆண்டளவில் மலாயாவில் வெற்றிலைப் புற்றைப் பற்றி மருத்துவர்கள் எழுதியபோது, அங்கிருந்த இந்தியரே அதில் பெரிதும் இடம்பெற்றனர். 1966இல் ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நடத்திய ஆய்வு, ஒரு நாளில் எத்தனை முறை மெல்லுகிறார் என்பதற்கேற்ப இடர் ஏறுவதையும், பொதியை வாயில் வைத்தவாறே உறங்குவோருக்கு அது மிக உயர்ந்திருப்பதையும் காட்டியது. உறங்கும்போதும் அதை விடாதவர்கள் யார்? பெரும்பாலும் பகலெல்லாம் உழைத்து, பல்வலியையோ பசியையோ மறக்க அதையே நாடியவர்கள்.

சென்னையில் இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை எழுந்த கதை பலருக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு நிலையமாக உருவெடுத்தது. அங்குப் பணியாற்றிய டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வாய்ப்புற்றுக்கும் மெல்லும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழகத்து நோயாளரைக் கொண்டே ஆராய்ந்தது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கரும் அவர்தம் குழுவினரும் 1955இல் இதே திசையில் எழுதியிருந்தனர். ஆக, 1960க்குள் காரணம் தெரிந்துவிட்டது எனலாம். காரணம் தெரிந்த பின்னும் நோயாளர் தொகை குறையவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் கன்னம் துளைத்து, தாடை கரைந்து, கழுத்தில் நெறி கட்டிய பின்னரே வந்தனர். கத்தியும் கதிர்வீச்சும் அந்நிலையில் செய்யக்கூடியது சிறிதே.

இங்கேதான் வேறொரு எண்ணம் பிறந்தது. வயிற்றுக்குள் வளரும் புற்றைக் காணக் கருவி வேண்டும். மார்புக்குள் வளர்வதைக் காணப் படம் எடுக்க வேண்டும். வாய் அப்படியன்று. அது திறந்தால் தெரியும் அறை. புற்று திடீரென்று அங்குக் குடியேறுவதும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வெண்படலமோ, அதைவிடக் கொடிய செம்படலமோ, கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி வாய் திறக்க முடியாமற் போகும் நிலையோ தோன்றி எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையை எவரேனும் பார்த்தால் போதும்.

1966 முதல் பம்பாயிலிருந்து பாலி மேத்தாவும், டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்க் என்னும் பல் மருத்துவப் பேராசிரியரும் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 50,000 கிராம மக்களின் வாயை வீடு வீடாகப் பார்த்தனர். பின்னர் 36,000 புகையிலைப் பயனாளரிடம் பழக்கத்தை விடுமாறு நேரிலும் திரைப்படத்தாலும் செய்தித்தாளாலும் இடைவிடாது அறிவுறுத்தப்பட்டது. அதன் முடிவு 1986இல் வெளிவந்தபோது, பழக்கத்தை விட்டவர்களிடையே வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்திருந்தது. இதனை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். பாதி வழி சென்றவனும் திரும்பலாம் என்பதற்கு உடல் தந்த சான்று அது.

அடுத்த கேள்வி: பார்ப்பது யார்? ஊருக்கு ஊர் பல் மருத்துவர் கிடைப்பாரா? இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் வர்ணகுலசூரியவும் அவர்தம் தோழரும் ஒரு துணிச்சலான முயற்சி செய்தனர். 34 ஆரம்பச் சுகாதாரப் பணியாளருக்குச் சிறிது காலப் பயிற்சி தந்து அவர்களையே வாயைப் பார்க்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்கள் சுமார் 28,000 பேரைப் பார்த்துவிட்டனர். நோய்க்குறியை அவர்கள் சரியாகவே இனங்கண்டனர். ஆனால் மேற்பரிசோதனைக்குச் செல்லுமாறு அனுப்பப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேரே சென்றனர். கண்டுபிடிக்கும் கண் குறையில்லை. நடக்க வேண்டிய கால்தான் நின்றுவிட்டது.

இந்த வரலாற்றின் பெரிய அதிகாரம் மீண்டும் பழைய திருவிதாங்கூர் மண்ணிலேயே எழுதப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம், சங்கரநாராயணன் என்னும் ஆய்வாளர் தலைமையில், 1996இல் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழு ஊராட்சிகளில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாய் வீட்டிலேயே பரிசோதிக்கப்பட்டது; ஆறு ஊராட்சிகள் ஒப்பிட்டுப் பார்க்க விடப்பட்டன. இருபுறமும் ஒரு இலட்சத்தை நெருங்கும் மக்கள். பரிசோதித்தவர்கள் மருத்துவர் அல்லர். பட்டம் பெற்றுப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அவர்களது கருவி டார்ச் விளக்கும் இரு கண்களுமே. கன்னத்தின் இருபுறம், ஈறு, நாக்கின் மேலும் கீழும் ஓரமும், மேலண்ணம் என வரிசையாகப் பார்த்து, விரலால் தடவி, கழுத்தையும் தொட்டுப் பார்த்தார்கள். மூன்று சுற்றுகள் நடந்தன. 2005இல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு, பரிசோதிக்கப்பட்ட ஊராட்சிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அப்பழக்கங்கள் இல்லாதோரையும் சேர்த்துப் பார்க்கும்போது குறைவு உறுதியாகச் சொல்லும் அளவில் இல்லை. இதிலிருந்து எவர் வாயைத் தவறாது பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பின் 2013இல் வந்த மறு அறிக்கை, நான்கு சுற்றுகளிலும் தவறாமல் வந்த பயனாளரிடையே இறப்பு 81 விழுக்காடு குறைந்ததாகக் கூறியது. தவறாமல் வருவோர் பொதுவாகவே தம் நலம் பேணுவோராயிருப்பர் என்பதையும் நினைவில் கொண்டே இவ்வெண்ணைப் படிக்க வேண்டும்.

அந்த முதல் அறிக்கையில் ஒரு வரி என்னை விட்டு அகலவில்லை. ஐயத்திற்குரிய புண்ணோ படலமோ இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். மருத்துவரிடம் சென்றவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் செல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து விளக்கடித்துப் பார்த்துச் சீட்டும் எழுதிக் கொடுத்த பின்னும் செல்லவில்லை. கல்வியிற் சிறந்த கேரளத்தில் இது. அறியாமை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு நாள் கூலி போகும். உடன்வரும் மகனின் கூலியும் போகும். கத்தி பட்டால் நோய் பரவும் என்ற பழைய அச்சம் இன்னும் உயிரோடிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. வலி ஒன்றையே நோயின் சாட்சியாக ஏற்கப் பழகியவர்களிடம், வலியற்ற வெண்மையைக் காட்டி அஞ்சு என்றால் எப்படி அஞ்சுவார்கள்?

பாக்கின் வழக்கு தனியே நடந்தது. 1985இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பொதி மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று அறிவித்தது. புகையிலை சேராததற்குப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. நம் வீடுகளில் பலர் இதனை நிம்மதியோடு கேட்டிருப்பர். ஆனால் தைவான் மக்கள் புகையிலை சேர்க்காமல்தான் பாக்கை மெல்லுகிறார்கள். அவர்களுக்கும் வாய்ப்புற்று மிகுந்திருந்தது. 2004இல் வெளியான அம்முகமையின் அடுத்த நூல், பாக்கு தன்னளவிலேயே புற்று விளைவிப்பது என்று தீர்த்துச் சொன்னது. கன்னச்சதையை நார்போல் இறுக்குவதும் பாக்கே. அதே ஆண்டில் தைவான் அரசு பாக்கு மெல்லுவோரையும் புகைப்போரையும் நாடு முழுவதும் பரிசோதிக்கத் தொடங்கியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்த பின், 2017இல் வெளிவந்த கணக்குப்படி, பரிசோதனைக்கு வந்தோரிடையே இறப்பு 26 விழுக்காடு குறைந்திருந்தது.

இதற்கிடையே நம் நாட்டில் வெற்றிலை மெல்ல மறைந்து, அதன் இடத்தில் பளபளக்கும் சிறு பொட்டலம் வந்து சேர்ந்தது. பாட்டிகள் அறுபதில் பெற்ற நோயைப் பேரர்கள் முப்பதிலேயே பெறும்படி செய்தது அது. தமிழக அரசு 2001இலும் மீண்டும் 2013இலும் குட்கா விற்பனையைத் தடை செய்தது. தடையின் நிலையைப் பெட்டிக்கடைகளை அறிந்த எவரும் அறிவர். 2016இல் நடுவண் அரசு, 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று வழிமுறை வகுத்தது. ஆனால் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஆண்களில் 1.2 விழுக்காடு, பெண்களில் 0.9 விழுக்காடு. 2022ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வோராண்டில் புதிதாக வாய்ப்புற்று கண்டவர்கள் சுமார் 1,43,000 பேர். மாண்டவர்கள் 80,000 பேரளவு.

என் பாட்டியும் இத்தகைய ஒரு கணக்கில் அடங்கியவர். பித்தளைக் கோளாம்பியும் வெற்றிலைச் செல்லமும் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. பற்கள் போன பின் சிறு உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார். ஒருமுறை வீடு வீடாக வந்த செவிலியர் ஒருவர் அவர் வாயைப் பார்த்து, இடக் கன்னத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, பெரிய மருத்துவமனையில் காட்டுங்கள் என்றார். "வலிக்கல்லியே மக்களே, பின்ன எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு வெற்றிலையை நீட்டினார் பாட்டி. நாங்களும் உடன் சிரித்தோம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கன்னம் வீங்கியது. கடைசி மாதங்களில் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது. நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தை அப்பத்தைக் கிள்ளி, மணியளவு துணுக்கைத் தண்ணீர் தொட்டு அவர் உதட்டில் வைத்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் செல்லத்தைத் துடைத்து வைக்கத் திறந்தபோது, அடித்தட்டில் காய்ந்த பாக்குத் துண்டுகளுக்குக் கீழே அந்தச் செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டு மடித்தபடியே இருந்தது.